கற்றோம் என்பதற்குச் சாட்சி யார்?

தையற்காரரிடம் துணியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். சட்டை வருகிறது, தோளில் பிடிக்கிறது, கை நீளம் குறைந்திருக்கிறது. அணிந்து பார்த்த அக்கணமே தைத்தவரின் திறமை நமக்கு விளங்கிவிடுகிறது. தச்சர் இழைத்த கதவு மழைக்காலத்தில் நிலையில் இடித்தால், வீட்டிலுள்ள சிறு பிள்ளைகூடக் குறை சொல்லும். சமையற்காரருக்கு விருந்தினர் சாட்சி. கொத்தனாருக்குச் சுவர் சாட்சி. தொழில் செய்பவர் கற்றவரா, கற்றதை மறந்தவரா என்பதை அவர் கைபட்ட பொருளே எடுத்துச் சொல்லிவிடுகிறது.

மனநோய்க்கு மருத்துவம் செய்பவரின் நிலை இதற்கு முற்றிலும் வேறானது. அவரிடம் சென்றவர், "எனக்குக் குணமாகவில்லை" என்றால், அது நோயின் பிடிவாதம் எனப்படும். "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றால், மருந்தை வெறுப்பது இத்தகையோர்க்கு இயல்புதானே எனப்படும். "நீங்கள் என்னைப் புரிந்துகொள்ளவில்லை" என்றாலோ, அந்தப் பேச்சே நோயின் அடையாளமாக ஏட்டில் ஏறிவிடவும் கூடும். உடன் வந்த குடும்பத்தார் அச்சத்தாலும் நாணத்தாலும் வாய் திறப்பதில்லை. அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் வந்து திரும்புவதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. ஆக, எவருடைய வேலை பிழைபட்டிருக்கக்கூடுமோ, அவருடைய கையிலேயே பிழையை அளக்கும் கோலும் இருக்கிறது. உலகில் வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு முழுமையான தனியாட்சி இல்லை எனலாம்.

இந்நிலையில் நம் முன் ஒரு வினா எழுகிறது. மனநல மருத்துவர், உளவியலர், மனநலச் செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோர் பட்டம் பெற்ற பின்னரும் தொடர்ந்து கற்றுக்கொண்டிருப்பது விருப்பமா, கடனா? கடன் என்றால் யாருக்குப் பட்ட கடன்? அது தீர்க்கப்பட்டது என்பதற்குச் சாட்சி யார்? அத்தொடர்கல்வி இன்று பெருமளவுக்கு இணையத்தின் வழியே, கணினித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் நடைபெற்று வருவதால், இவ்வினா முன்னைவிடக் கூர்மை பெற்றிருக்கிறது. இதை மருத்துவர்களின் உள்விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நோயுற்றவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்; நம் சகோதரிகள்; நம் பெற்றோர்.

கற்றது பழையதாகும்போது

ஒரு முறை கற்றது ஆயுளுக்கும் போதாதா என்று சிலர் கேட்கலாம். மனநல மருத்துவத்தின் வரலாறே அதற்கு விடை கூறுகிறது.

1948ஆம் ஆண்டு, ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற புகழ்பெற்ற உளமருத்துவர், மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பு முறையும் ஒரு காரணம் என்னும் கருத்துப்பட எழுதினார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர், ஆட்டிசம் என்னும் குறைபாடு தாயின் அன்பின்மையால் விளைவது என்று ஒரு நூலையே எழுதி நாடறியச் செய்தார். பின்வந்த ஆராய்ச்சி இவ்விரு கருத்துக்களையும் தள்ளுபடி செய்துவிட்டது. மூளையின் வளர்ச்சியிலும் மரபணுக்களிலும் அந்நிலைகளின் வேர்கள் இருப்பதை இன்று அறிகிறோம். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை தாய்மார், நோயுற்ற பிள்ளையையும் சுமந்து, அந்நோய்க்குத் தாமே காரணம் என்ற பழியையும் சுமந்தார்கள்! அப்பழியைச் சுமத்தியவர்கள் கொடியவர்கள் அல்லர். அன்று பாடமாக இருந்ததைப் படித்து, பாடம் மாறிய பிறகும் மாறாமல் இருந்தவர்கள், அவ்வளவுதான். கற்றவரின் அறியாமை கல்லாதவரின் அறியாமையைவிடக் கொடியதாவது இங்கேதான். கல்லாதவர் சொன்னால் அந்தத் தாய் நம்பியிருக்க மாட்டார்.

சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1985இல் பட்டம் பெற்ற ஓர் இந்திய மருத்துவர் படித்த நாளில் நடைமுறையில் இருந்தது, 1912ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டம். 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. பிறகு 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்து, முன்னதை நீக்கியது. நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்பதும், மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றி மின்னதிர்ச்சி கொடுக்கலாகாது என்பதும் இன்று சட்டம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகிறது. அம்முயற்சியைக் குற்றமாக்கியிருந்த பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆக, ஒருவரின் பணிக்காலத்திற்குள்ளேயே மூன்று சட்டங்கள் வந்துவிட்டன. முதற் சட்டத்தோடு நின்றுவிட்டவரிடம், தூக்க மாத்திரைகளை விழுங்கிப் பிழைத்த ஒரு பெண்ணை அவள் பெற்றோர் அழைத்துச் சென்றால், அங்கே அவள் காண்பது மருத்துவரையா, காவலரையா?

மருந்தின் கதையும் இதுவே. வலிப்புக்கும், மனம் கட்டுமீறி எழுந்தும் வீழ்ந்தும் அலைகின்ற இருதுருவ நோய்க்கும் வால்புரோயேட் என்னும் மருந்து நெடுங்காலமாக வழங்கப்பட்டு வருகிறது. கருவுற்ற பெண் அதை உட்கொண்டால், பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு உறுப்புக் குறை ஏற்படக்கூடும் என்பதும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும் என்பதும் இன்று அறியப்பட்ட செய்தி. 2018இல் ஐரோப்பிய நாடுகள் இம்மருந்தை மகப்பேற்று வயதுப் பெண்களுக்குத் தருவதில் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தன. இச்செய்தி எட்டாத ஒருவரிடம், திருமணம் உறுதியான ஒரு பெண் வழக்கம்போல் மருந்துச் சீட்டு வாங்கிச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்தத் தீங்கும் நினைக்கவில்லை. எந்தப் பொய்யும் சொல்லவில்லை. ஆயினும் ஒரு குழந்தையின் வாழ்வு அவருடைய அறியாமையின் மேல் நிற்கிறது. (இதைப் படிக்கும் எவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.)

நம் வீடுகளில் அமானிதம் என்றொரு சொல் வழங்குகிறது. ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அப்பெயர். பொன்னை ஒப்படைத்தால் அதை எடை குறையாமல் திருப்பித் தர வேண்டும். மனத்தை ஒப்படைத்தவருக்கோ எடை போட்டுப் பார்க்கத் தராசு இல்லை. தராசு இல்லாத இடத்தில் கடன் குறைவதில்லை, இருமடங்காகிறது. ஆகவே தொடர்ந்து கற்பது விருப்பமன்று, கடன். அதுவும் பதிவு மன்றத்துக்குப் பட்ட கடனன்று. சாட்சி சொல்ல இயலாத அந்த மனிதருக்குப் பட்ட கடன்.

நாளொன்றுக்கு ஒரு நிமிடம்

சட்டம் இக்கடனை எப்படி அளக்கிறது? மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், ஐந்தாண்டுகளில் 30 மணி நேரமேனும் தொடர்கல்வி பெற வேண்டும் என்கின்றன. மருத்துவ உளவியலருக்கும் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவைப்படுகின்றன. 30 மணி என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஐந்தாண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஆறு மணி. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். இந்த ஒரு நிமிடத்தைப் பெறுவதற்கும் முன்பு சிற்றூர் மருத்துவர் பட்ட பாடு சிறிதன்று. சென்னைக்கோ பெங்களூருக்கோ இரவு வண்டி பிடிக்க வேண்டும். விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்த இரண்டு மூன்று நாட்களும் தம் நோயாளிகளைக் கைவிட வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு ஓரிருவரே இருக்கும் துறையில், ஒருவர் கற்கப் போனால் வாசலில் காத்திருப்போர் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

நம் நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர் என்ற கணக்குக்கூட இன்னும் நிறைவேறவில்லை. 2015-16இல் நடைபெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருந்ததைக் காட்டியது. பயிற்சி பெற்றோர் எட்டாத தொலைவில் இருந்தால் மக்கள் எங்கே போவார்கள் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு துயரச் சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி நடத்தப்பட்டு வந்த தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதன் பிறகே அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கு மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். பின்னாட்களில் பிரார்த்தனைக்காக வருவோர் மருத்துவமும் பெற்றுச் செல்லும்படி, 'தவா - துஆ' என்ற பெயரில் மனநல மருத்துவ உதவி அங்கே ஏற்படுத்தப்பட்டது. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். மருத்துவம் தொலைவிலும் வெட்கம் அருகிலும் இருந்ததால் வந்தவர்கள்.

அறிவு மனிதரைத் தேடிச் செல்லும் வழி ஒன்று இன்று திறந்திருக்கிறது என்றால், அதை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2018இல் தன் டிஜிட்டல் அகாதமியைத் தொடங்கியது. மருத்துவர், உளவியலர், செவிலியர், சமூகப் பணியாளர் எனப் பல திறத்தாரும் தம் ஊரிலிருந்தே அதில் பயில்கிறார்கள். 2020இல் பெருந்தொற்று வந்து அரங்குகளெல்லாம் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்பே தொடர்கல்வியின் பெருவழியாயிற்று. இது நல்லதொரு பேறு என்பதில் ஐயமில்லை. எனினும் பேறு வேறு, பயன் வேறு.

திரை மறைவில்

இணையவழிக் கல்விமீது சாற்றப்படும் குற்றம் எல்லாரும் அறிந்ததே. வீடியோ ஒரு புறம் ஓடிக்கொண்டிருக்கும். கற்பவர் மறு புறம் தேநீர் அருந்திக்கொண்டிருப்பார். பெயர் திரையில் இருக்கும். ஆள் சந்தையில் இருப்பார். ஈற்றில் வரும் ஐந்து வினாக்களுக்கு, தவறினால் மீண்டும் மீண்டும் விடையளிக்கலாம். உடனே சான்றிதழ் வந்து சேரும். புள்ளிகள் ஏறும், பதிவு புதுப்பிக்கப்படும். ஆனால் மறுநாள் காலையில் வாசலில் காத்திருக்கும் நோயாளிக்கு எதுவும் மாறியிராது.

உண்மைதான். ஆனால் நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அரங்குகளில் நடந்த காலத்திலும் காலையில் கையெழுத்திட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவர்கள் உண்டு. பகலுணவுக்குப் பின் முன்வரிசையிலேயே உறங்கியவர்களும் உண்டு. எனவே குற்றம் திரையினுடையது மட்டுமன்று. நேரத்தை எண்ணி, மாற்றத்தை எண்ணாமல் விடுகிற எந்த முறையிலும் இது நிகழும்.

இதைவிட ஆழமான ஓர் இடர்ப்பாடு உண்டு. அது சோம்பேறியைப் பற்றியதன்று. கருத்தோடு கற்பவரைப் பற்றியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்து உளவியலர் வில்லியம் மில்லர், குடிப்பழக்கத்தாரிடம் கடிந்துரையாமல் உரையாடி, அவர்தம் மன உறுதியை அவர்களே கண்டெடுக்கச் செய்யும் ஒரு முறையை வகுத்தவர். அம்முறையைக் கற்பிக்கும் இரண்டு நாள் பயிற்சி ஒன்றால் என்ன விளைந்தது என்பதை அவரும் கேத்லீன் மவுண்ட் என்பவரும் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் தங்களிடம் பெரும் முன்னேற்றம் ஏற்பட்டதாகவே எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது மாற்றம் சிறிதே தென்பட்டது. எதிரே அமர்ந்து பேசியவர்களிடமோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. ஆய்வு சிறிதுதான். ஆனால் தாம் வகுத்த முறையைத் தாமே கற்பித்து, அது பலிக்கவில்லை என்பதைத் தாமே அச்சிட்டாரே, அந்த நேர்மை பெரிது.

2012இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 129 மனநலப் பணியாளர்களிடம் அவரவர் திறமையைச் சக பணியாளரோடு ஒப்பிட்டு மதிப்பிடுமாறு கேட்டார்கள். ஒருவர்கூடத் தம்மைச் சராசரிக்குக் கீழே வைத்துக்கொள்ளவில்லை. நால்வரில் ஒருவர் தம்மை நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேலானவராகக் கருதினார். எல்லாரும் சராசரிக்கு மேல் இருப்பது கணக்கில் நடவாத காரியம் அன்றோ! அனுபவமேனும் இக்குறையைப் போக்குமா எனில், 2016இல் வெளியான ஆய்வு அதையும் ஐயத்துக்குள்ளாக்கியது. 170 சிகிச்சையாளர்களையும், அவர்களிடம் வந்த 6,500க்கு மேற்பட்டோரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், ஆண்டுகள் ஏற ஏறச் சராசரியாக அவர்தம் பயன் உயரவில்லை. மிகச் சிறிதளவு குறையவும் செய்தது. தனித்தனியே சிலர் முன்னேறினர் என்பது உண்மை. ஆயினும் தலை நரைப்பது தானாக நடக்கும். தேர்ச்சி தானாக நடப்பதில்லை.

இவற்றை எடுத்துரைப்பது அத்தொழிலாளரை இழிவுபடுத்துவதற்காக அன்று. எழுத்தாளரைக் கேட்டாலும், ஆசிரியரைக் கேட்டாலும், பெற்றோரைக் கேட்டாலும் இதே விடைதான் கிடைக்கும். தன் முகத்தைத் தன் கண்ணால் காண முடியாதது மனித இயல்பு. ஆகவே, "நான் கற்றுவிட்டேன்" என்று கற்றவரே கூறும் சாட்சியம் செல்லாது. பார்த்த மணி நேரத்தை மட்டும் எண்ணும் சான்றிதழும் செல்லாது. அப்படியானால் யார் சாட்சி?

"எனக்குத் தெரியவில்லை"

விடை, வியப்புக்குரிய வகையில், அதே திரையில் இருக்கிறது. அதே நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததும் ஆகும். அங்கே கல்லீரல் மருத்துவராக இருந்தவர் இந்தியாவில் பிறந்த சஞ்சீவ் அரோரா. 'ஹெபடைட்டிஸ் சி' என்னும் கல்லீரல் நோயுற்றோர் அவரைக் காண மாதக் கணக்கில் காத்திருந்து, நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்து வந்தார்கள். எல்லாரையும் தம்மிடம் வரவழைப்பதற்குப் பதிலாக, ஊர்ப்புற மருத்துவர்களைத் தமக்கு நிகராக்கினால் என்ன என்று அவர் எண்ணினார். 2003இல் 'எக்கோ' என்னும் திட்டம் பிறந்தது.

அதன் நடைமுறை எளிது. குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஊர்ப்புற மருத்துவர்களும் நிபுணர்களும் திரையில் ஒருவரையொருவர் காண்கிறார்கள். நிபுணரின் உரை சிறிது நேரமே. மீதி நேரம் முழுவதும் கற்க வந்தவர்கள் தங்களுடைய நோயாளியைப் பற்றிப் பேசுகிறார்கள். பெயரும் ஊரும் மறைத்து, "இப்படியொருவர் வந்தார், இதைச் செய்தேன், குணமில்லை, அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை" என்று ஒருவர் கூறுகிறார். மற்றவர்கள் கேட்கிறார்கள், வினவுகிறார்கள், வழி சொல்கிறார்கள். அடுத்த முறை அவரே வந்து, என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். இவ்வாறு பயின்ற ஊர்ப்புற மருத்துவர்களின் சிகிச்சையைப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிகிச்சையோடு ஒப்பிட்டு 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 407 நோயாளிகள். இரு இடத்திலும் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் குணமடைந்திருந்தார்கள். சாட்சி சொன்னது சான்றிதழ் அன்று, நோயாளியின் உடல்.

நிம்ஹான்ஸ் நிறுவனம் இம்முறையை மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் கையாண்டு, பீகார், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் மாவட்டப் பணியாளர்களைப் பயிற்றியிருக்கிறது. திரை அங்கேயும் திரைதான். கம்பி வழி அங்கேயும் அதே கம்பி வழிதான். வேறுபாடு ஒன்றே. முன்னதில் கற்பவர் திரைக்குப் பின்னே மறைந்திருக்கிறார். பின்னதில் அவருடைய வேலை திரைக்கு முன்னே வருகிறது. முன்னதில் அவர் பிறர் அறிவைப் பார்க்கிறார். பின்னதில் பிறர் அவருடைய அறியாமையைப் பார்க்கிறார்கள். நாம் சொல்ல விழைவது இதுதான்: தொடர்கல்வியின் உயிர், கிடைக்கும் செய்தியில் இல்லை, செய்தி நூலிலும் கிடைக்கும். தன் வேலையைப் பிறர் காண வைத்து, "எனக்குத் தெரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லும் துணிவில் இருக்கிறது. அத்துணிவுக்கு இடம் தரும் இணையவகுப்பு நல்ல வகுப்பு. அதிலிருந்து ஒளிந்துகொள்ள இடம் தருவது, எத்தனை புள்ளி அளித்தாலும், வெறும் சுங்கச் சாவடி.

மறுப்பும் எல்லையும்

இக்கருத்துக்கு மறுப்புக்கள் உண்டு. அவற்றை மூடி மறைத்தல் தகாது.

முதலாவது, நோயாளியின் மானம். ஒருவருடைய மனத்தின் ஆழத்தைப் பத்து ஊர்க்காரர் கூடியிருக்கும் திரையில் எடுத்து வைக்கலாமா? பெயரை மறைத்தால் போதும் என்று எண்ணுவது எளிது. சிறு ஊரில், தொழிலையும் வயதையும் ஒரு நிகழ்ச்சியையும் சொன்னாலே ஆள் யார் என்பது தெரிந்துவிடும். கற்பவர் தம் அறியாமையை வெளியிடலாம். நோயாளியின் அந்தரங்கத்தை வெளியிட அவருக்கு உரிமையில்லை. தேவைக்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாமை, வீட்டுக் கூடத்தில் பிறர் காதுபட அமர்ந்து கேட்காமை, பதிவு செய்து பரப்பாமை ஆகியன இக்கல்வியின் முதற் பாடங்களாதல் வேண்டும்.

இரண்டாவது, நேரம். நாளெல்லாம் இடைவிடாமல் நோயாளிகளைப் பார்க்கும் அரசு மருத்துவரிடமும், குறைந்த ஊதியத்தில் பல ஊர்களுக்கு அலையும் சமூகப் பணியாளரிடமும், "இன்னும் கற்றுக்கொள்" என்று சொல்வது எளிது. பணி நேரத்தில் அதற்கு இடம் தராமல், உறக்கத்திலிருந்தும் பிள்ளைகளோடு இருக்கும் மாலையிலிருந்தும் அந்த நேரத்தைப் பிடுங்கினால், அவர் வீடியோவை ஓடவிட்டுக் கண்ணயர்வதில் வியப்பென்ன? கடன் அவருடையது, அக்கடனைத் தீர்க்க வழி செய்வது அவரை வேலை வாங்குவோரின் கடன். இணையம் வந்ததால் பயணச் செலவு குறைந்தது. அத்தோடு பயிற்சிக்கான விடுப்பும் பறிபோகுமானால் அது முன்னேற்றமாகாது.

மூன்றாவது, திரையால் கற்பிக்க இயலாதவை. அழுதுகொண்டிருப்பவர் எதிரே எவ்வளவு நேரம் பேசாதிருப்பது. நாற்காலியை எவ்வளவு தள்ளிப் போடுவது. தாய் முன்னிலையில் பேசாத மகளிடம் தாயை எப்படி வெளியே இருக்கச் சொல்வது. சினந்தெழுபவர் அருகில் எப்படி நிற்பது. இவை மூத்தவர் ஒருவரோடு ஒரே அறையில் இருந்து கற்பவை. இணையம் அந்த அறைக்கு மாற்றாகாது. அந்த அறையில் ஒரு காலத்தில் கற்றவர் பின்னர் தனித்துப் போய்விடாமல் காக்கும் துணையாகலாம். அத்துணையின் மதிப்பும் குறைந்ததன்று. தொலைதூர ஊரில் ஒற்றை ஆளாகப் பணிபுரிபவரிடம் வரும் நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், அத்துயரத்தை அவர் யாரிடம் சொல்வார்? அதிலிருந்து என்ன கற்பார்? வாரம் ஒரு முறை திரையில் தோன்றும் நான்கு முகங்கள் அவரையும் காக்கும்; அவரிடம் அடுத்து வருபவரையும் காக்கும்.

நம் பங்கு

இவ்வளவும் மருத்துவர் பங்கு. நம் பங்கு ஒன்றுமில்லையா?

உண்டு. அவர் கற்றார் என்பதற்கு இறுதிச் சாட்சி நோயாளிதான் என்று கண்டோம். அந்தச் சாட்சியின் வாயை அடைப்பவர்களில் நாமும் இருக்கிறோம். "டாக்டர் முன்னே எதுவும் பேசாதே", "மருந்து பலிக்கவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்", "இது வெளியே தெரிந்தால் உன் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்றெல்லாம் வழி நெடுகச் சொல்லி அழைத்துச் செல்பவர்கள் நாமே. பணியாளரின் அறியாமை நீடிக்க நம் நாணமும் ஒரு கூரையாகிறது.

2017ஆம் ஆண்டுச் சட்டம், நோயின் தன்மை என்ன, அளிக்கப்படும் சிகிச்சை என்ன, அதன் பக்க விளைவுகள் என்ன என்பவற்றை அறிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் அளித்திருக்கிறது. அவ்வுரிமையை மரியாதையோடு பயன்படுத்துவோம். "இம்மருந்தைப் பற்றி அண்மையில் ஏதேனும் புதிதாகச் சொல்லியிருக்கிறார்களா, டாக்டர்?" என்று கேட்பதில் அவமதிப்பு இல்லை. "மூன்று மாதமாக உறக்கம் வரவில்லை என்கிறான், அவனே சொல்லட்டும், கேளுங்கள்" என்று நோயுற்ற பிள்ளையின் சொல்லை முன்வைப்பதில் குற்றமில்லை. நல்ல மருத்துவர் இக்கேள்வியால் மகிழ்வார். "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று அவர் விடை கூறினால், அவரை விட்டு வேறொருவரைத் தேடி ஓட வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தவரே இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர். தெரியாததைத் தெரியாது என்பவரை நாம் மதிக்கத் தவறினால், தெரியாததையும் தெரிந்ததுபோல் பேசுபவர்களையே நாம் உருவாக்குவோம்.

சுவரில் மாட்டிய சான்றிதழை நாம் எல்லாரும் பார்க்கிறோம். அது ஒருவர் என்றோ ஒரு நாள் கற்றார் என்பதற்குச் சாட்சி. இன்றும் கற்கிறார் என்பதற்குச் சாட்சி அவர் எதிரே நாற்காலியில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறது. அது பேசட்டும், பேச விடுவோம். அதைக் கேட்கத் தெரிந்தவரே கற்றவர்.